கடைசி ஃபாரம்

சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரச் சொச்சம். தை மாதம் அப்படி வந்து இறங்கியவள், பங்குனி நடுவில் திரும்பிப் போகிறேன். இடையில் நான் குடியிருந்தது, ஏறக்குறைய அப்படித்தான் சொல்ல வேண்டும், காந்திபுரத்தில் ஒரு வார இதழின் அலுவலகத்தில். இதழியல் படிப்பின் வெளிநாட்டுப் பயிற்சிக்குத் தோழிகள் லண்டன், ஜகார்த்தா என்று கிளம்பினார்கள். நான் கோயம்புத்தூர் என்றதும் அம்மா, "அதெல்லாம் ஒரு வெளிநாடா?" என்றார்.

வெளிநாடுதான். தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் வந்தவளுக்கு, முதல் நாளே லேஅவுட் அண்ணா "உக்காருங் அம்மணி" என்றார். அப்பா வயது மனிதர் எனக்கு எதற்கு 'ங்' போடுகிறார் என்று நெளிந்தேன். இரண்டு வாரத்தில் புரிந்தது, கோபத்துக்கும் அதே 'ங்'தான். "ஏழு மணிக்கு மேட்டரக் குடுத்தீங்கன்னா நான் எப்பங் பக்கம் கட்டறது?"

பக்கம் கட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். எங்கள் இதழ் 64 பக்கம், நாலு ஃபாரம். சமையல், ஜோதிடம், தொடர்கதை எல்லாம் முன்கூட்டியே அச்சுக்குப் போய்விடும். செய்திக்காகக் கடைசி ஃபாரம் மட்டும் காத்திருக்கும். அது ஏறுகிற ராத்திரியில் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஒன்பது மணிக்குத் தள்ளுவண்டிக் காளான் வரும். பெயர்தான் காளான், பொட்டலத்தைப் பிரித்தால் முக்கால்வாசி முட்டைக்கோஸ். அதற்காகக் கோவைக்காரர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள், தோற்றுப்போவீர்கள்.

என் கடைசிக் கட்டுரை ஈரோட்டு மஞ்சள். காலை ரயிலில் சோமனூர், திருப்பூர், ஊத்துக்குளி என்று ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன். ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், வெயிலை நினைத்து விட்டுவிட்டேன்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது வாசனையா தூசியா என்று சொல்லத் தெரியவில்லை. மூட்டைக்கு மூட்டை மாதிரி எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு வியாபாரி விரல் மாதிரி நீண்ட விரலி மஞ்சள் ஒன்றை எடுத்தார், இரண்டு கட்டை விரலையும் கொடுத்து ஒடித்தார். 'டக்'கென்று சத்தம். ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் சீட்டில் விலை எழுதினார். நன்றாகக் காய்ந்த மஞ்சள்தான் அப்படி ஒடியும், ஈரம் இருந்தால் வளைந்து கொடுக்கும் என்று பக்கத்தில் நின்ற விவசாயி சொன்னார். வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நட்ட நாளிலிருந்து ஒரு வருடமே ஓடிவிடுகிறதாம். 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். "அப்படீங்ளா, சந்தோசமுங்க" என்றார். அவர் கண் சீட்டை விட்டு நகரவில்லை.

திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்ததால் பெரியார்–அண்ணா நினைவகத்துக்குப் போனேன். 1925 மே 2ஆம் தேதி இந்த ஊரிலிருந்துதான் பெரியாரின் வார இதழ் 'குடி அரசு' வெளிவந்தது. அந்தச் சுயமரியாதைக் காற்று கடல் தாண்டி வந்து, அதில் வளர்ந்த கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கினார். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பத்திரிகை அது. பாடமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஈரோட்டுத் தெருவில் நின்று நினைத்துப் பார்க்கிறபோது வேறு மாதிரி இருந்தது.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். "மஞ்சளுக்கு நல்ல விலை கிடைக்கும் வரை எங்களால் காத்திருக்க இயலவில்லை" என்று விவசாயி சொன்னதாக எழுதியிருந்தேன். பொறுப்பாசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவர் இப்படியா பேசினார்?" என்றார். ரெக்கார்டரைப் போட்டேன். "வெச்சு விக்கலாம்னா கடன் குடுத்தவரு விடோணுமில்லீங்க." கடன் கொடுத்தவருக்கும் மரியாதை! அதை அடித்துத் துவைத்துச் செய்தித்தாள் தமிழாக்கியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. அவர் பேச்சு அப்படியே ஏறியது.

அதோடு முடியவில்லை. ராத்திரி பதினொன்றுக்கு மெய்ப்புப் பார்த்தபோது விரலிப் படத்துக்குக் கீழே 'கிழங்கு மஞ்சள்' என்றும், கிழங்குப் படத்துக்குக் கீழே 'விரலி' என்றும் இருந்தது. தப்பு என்னுடையது. ஈரோட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சிரிக்கும். லேஅவுட் அண்ணாவிடம் போய் நின்றேன். காளான் கையோடு நிமிர்ந்து பார்த்தார், திரையைப் பார்த்தார், மாற்றினார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிரிவு உபசாரம் எதுவும் நடக்கவில்லை, நடக்க நேரமில்லை. அடுத்த இதழுக்குக் கொப்பரைக் கட்டுரை ஓடிக்கொண்டிருந்தது. டீ கொண்டுவரும் அக்கா மட்டும் ஒரு சென்னிமலைப் போர்வையைக் கையில் திணித்து, "அங்கே ஏசி போட்டுப் படுப்பீங்களாமா, போத்திக்கோங்" என்றார். அதனால் பெட்டி இரண்டு கிலோ கூடிப்போய், விமான நிலையத்தில் செருப்பையெல்லாம் கைப்பைக்கு மாற்றினேன்.

வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது. லேஅவுட் அண்ணா.

"அம்மணி, அந்தக் கொப்பரை போட்டோ எந்த ஃபோல்டர்லிங்?"

"டெஸ்க்டாப்புலயே இருக்குதுங்ணா. பொள்ளாச்சின்னு போட்டிருக்குதுங்."

"செரிங்" என்று வைத்துவிட்டார். மணி ஏழு இருக்கும், பக்கம் கட்டிக்கொண்டிருந்திருப்பார்.