பை வைக்காம முடியுமா சயாமா?

யாங்கோன்ல சர்ஜிக்கல் வார்டு நர்ஸா 18 வருஷம் ஆச்சு, இங்க நர்ஸை சயாமான்னுதான் கூப்பிடுவாங்க, நம்ம தமிழாளுங்களும் அப்படித்தான், "பை வைக்காம முடியுமா சயாமா"ன்னு கேக்காத குடும்பமே இல்ல.

குடல்ல ஓட்டை விழுந்து தைச்சா அந்த தையல் ஆறுற வரைக்கும் மலம் அதுமேல போகக்கூடாதுன்னு மேல்பக்க சிறுகுடல வயித்துக்கு வெளிய எடுத்து பை ஒட்டுவாங்க, ரெண்டு மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஆபரேஷன் பண்ணி உள்ள தள்ளி மூடணும். வயல்ல குனிஞ்சு நாத்து நடுறவருக்கு, லோஞ்சிய, அதான் இங்கத்து கைலிய, இடுப்புல இறுக்கி முடியுறவருக்கு, இது எவ்வளவு பெரிய கஷ்டம்னு பக்கத்துல இருந்து பாத்தாத்தான் தெரியும்.

போன மழைக்காலத்துல பெகு பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி வந்துச்சு, டைபாய்டு காய்ச்சல் மூணாவது வாரம், சிறுகுடல் கடைசி ரெண்டு அடிக்குள்ள ஒரே ஒரு ஓட்டை, டைபாய்டுல பெரும்பாலும் அங்கதான் விழும். வலி வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க, பிரஷரும் நல்லா இருந்துச்சு. டாக்டர் ஓட்டை ஓரத்த வெட்டி சுத்தம் பண்ணி தைச்சுட்டு, அதுக்கு கொஞ்சம் மேல குடலுக்குள்ள ஒரு ஃபோலி டியூப், அதான் மூத்திரம் போக வைக்கிற ரப்பர் குழாய், அத வச்சு மலம் அது வழியா வரட்டும்னு தோல் வழியா வெளிய விட்டாரு, பை இல்ல. டியூப் வச்சா வேலை எங்க தலையிலதான், கெட்டியா வந்தா அடைச்சுக்கும், சலைன் விட்டு கழுவிட்டே இருக்கணும். அஞ்சுலேர்ந்து ஏழாவது நாள் வரைக்கும் எனக்கு தூக்கமே இல்ல, தையல் விட்டா அப்பத்தான் காட்டும், பல்ஸ் ஏறுதா காய்ச்சல் அடிக்குதான்னு போய் போய் பாத்தேன். மூணு வாரத்துல டியூப உருவினாங்க, டியூப் இருந்த ஓட்டை தானா மூடிக்கிச்சு, ரெண்டாவது ஆபரேஷனே இல்ல.

அதே வாரம் ஒரு பெரியவர், அவர் வந்தது வலி வந்து நாலாவது நாள். வயிறு பூரா சீழ், பிரஷர் கீழ, அவருக்கு பை வச்சாங்க, அது சரியான முடிவுதான், ரத்த ஓட்டம் சரியா இல்லாதப்போ தைச்ச குடல் ஒட்டாது, டியூப் மலத்த முழுசா திருப்பியும் விடாது. ஆனா அவர் பொண்ணு என் கையப் பிடிச்சுட்டு "அந்த பையனுக்கு மட்டும் ஏன் டியூப், நாங்க காசு குடுக்கலங்கறதாலயா"ன்னு அழுதுச்சு. எனக்கு நெஞ்சே அடைச்சுருச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த பொண்ணுகிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல, நானும் சொல்லல.

பை வச்சவங்களுக்கு தண்ணியும் உப்பும் ரொம்ப போயிரும், ஓஆர்எஸ் குடுக்கணும்னு அந்த பொண்ணுக்கு அன்னிக்கு ராத்திரி உக்காந்து சொல்லிக் குடுத்தேன். ஆனா அது கேட்ட கேள்வி வேற.

இப்ப எமர்ஜென்சினாலும் பேஷன்ட்ட உக்கார வச்சு லோஞ்சி முடிச்சு எங்க விழுதுன்னு பாத்து, பை வைக்க வேண்டி வந்தா எங்க வைக்கணும்னு பேனாவால குறி போட்டுருவேன், தைச்சு மட்டும் விடலாமா, டியூப் போதுமா, பை கட்டாயமான்னு டாக்டர்கிட்ட வீட்டாளுங்க காதுபடவே கேப்பேன், சில டாக்டர் முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.