கவர் மெலியும் மாதங்கள்: வேலூரிலிருந்து ஒரு கணக்கு நாட்குறிப்பு

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ தைக்கிறவர்களுக்கு முதலில் போவது வேலையல்ல, ஓ.டி. (கூடுதல் நேர வேலை). சம்பளம் வாடகைக்கும் மகளிர் குழுக் கடன் தவணைக்கும் சரியாகிவிடும். மிஷனெரிகளைத் தாங்க மாதாமாதம் சபையில் கொடுக்கும் காணிக்கைக் கவர் நிரம்புவது ஓ.டி. பணத்தில்தான். ஆகவே ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்தாத மாதத்திலேயே கவர் மெலியும்.

கணக்கு நோட்டில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது, கவர்களை எண்ண வேண்டும். 60 கவர் 57 ஆகி மொத்தம் பாதியானால் பெரிய கை ஒன்றிரண்டு விலகியிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பேசலாம். 60-ம் வந்து, 200 இருந்த இடத்தில் 100 இருந்தால் அது ஊர் நிலைமை. போய்க் கேட்பது சங்கடத்தைத்தான் தரும். பெயரும் தொகையும் உரக்கப் படிக்கிற சபைகள் இந்த மாதங்களிலாவது அதை நிறுத்தட்டும். வெறும் கவரோடு வருகிறவர் வராமலே போய்விடுவார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அமெரிக்காவில் மந்தம் என்றால் அங்கிருந்து வரும் காணிக்கை குறைந்து இங்கே மிஷனெரி ஊழியம் படுத்துவிடும் என்பது பாதிதான் சரி. நடுவில் டாலர் விலை இருக்கிறது. 2008 ஜனவரியில் டாலர் 39 ரூபாய் சொச்சம். 2009 மார்ச்சில் 50-ஐத் தாண்டியது. 100 டாலர் அனுப்பியவர் 80 ஆகக் குறைத்திருந்தாலும் இங்கே வந்து சேர்ந்த ரூபாய் குறையவில்லை.

இதற்கு நேர் எதிரானதும் இந்த மண்ணிலேயே உண்டு. அமெரிக்க மிஷனெரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது 1853-இல். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு 1862-இல் தங்கமாக மாற்ற முடியாத காகித டாலரை அச்சடித்தது. 1864 நடுவில் அதன் மதிப்பு தங்கத்தில் 40 சென்ட்டுக்கும் கீழே போனது. நியூயார்க்கில் காணிக்கைத் தட்டு நிறைந்தாலும், வெள்ளி ரூபாயில் சம்பளம் கொடுக்கும் ஆற்காட்டுக்கு அதில் பாதிகூடத் தேறாது.

இப்போது டாலர் ஏறினாலும் எல்லாருக்கும் பயனில்லை. வெளிநாட்டுக் காணிக்கையை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்பு, டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற வழியில்லை. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய ஸ்தாபனம் சின்னதைக் கஷ்டகாலத்தில் தாங்கிப் பிடிப்பது அதோடு முடிந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பிடி அரிசி டப்பாக்கள் வரும் நாள். உலை வைக்கும்போது காணிக்கைக்கென்று டப்பாவில் எடுத்துவைக்கும் ஒரு பிடி, ஏறக்குறைய 45 கிராம். இரண்டு வேளைக்கு மாதம் 2.7 கிலோ, 40 வீடு என்றால் 108 கிலோ. கிலோ 40 ரூபாய் வைத்தால் 4,320. பணக் காணிக்கை ஆடும்போது இது ஆடாது என்பார்கள். அளவு ஆடாது, அரிசி மாறும்.

டப்பாவைக் கொட்டி உள்ளங்கையில் பரப்பினால் தெரிந்துவிடும். சன்னப் பொன்னிக்கு நடுவே தடித்த, மங்கலான ரேஷன் அரிசி. ஆலைக் குடும்பங்களின் டப்பாவில் அது கூடினால் ஓ.டி. நின்றுவிட்டது என்று அர்த்தம். கவர் காட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே அரிசி காட்டிவிடும். மற்ற அரிசியைப் போல ரேஷன் அரிசியைச் சபையில் ஏலம் விடக் கூடாது, சட்டப்படி குற்றம். கலந்து கொட்டினால் பொன்னியும் விலைபோகாது. வாசலிலேயே இரண்டு பாத்திரம் வைத்துப் பிரித்து வாங்கி, ரேஷன் அரிசியை அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வைத்துக்கொள்வது நல்லது. காய்ந்த வேப்பிலை போடாத டப்பாவில் வண்டு நிச்சயம்.

செப்டம்பர் 20, சனி

பணித்தளத்தில், அதாவது வெளியூரில் ஊழியம் செய்யும் மிஷனெரிக் குடும்பம் ஒன்றுக்கு, அதைத் தாங்கும் குழுவினர் மாதம் 18,000 வாக்குப் பண்ணியிருக்கிறார்கள், 14,000 தான் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். பல குழுக்கள் மீதி 4,000 வரட்டும் என்று 20-ஆம் தேதிவரை மொத்தத்தையும் பிடித்துவைக்கின்றன. இதைவிடக் கெட்ட வழி கிடையாது. வெளியூர்க்காரரான மிஷனெரி அந்த ஊர் மளிகைக் கடையில் கடன் சொன்னால் அவர் பேரும் போகும், சொல்லும் போகும். சேர்ந்ததை 1-ஆம் தேதியே அனுப்பிவிட்டு, மீதி எந்தத் தேதியில் வரும் என்று போனில் சொல்லிவிட வேண்டும்.

வெட்டுவதானால் முதலில் குழுவின் பணித்தளப் பயணம், அடுத்து அச்சிட்ட ஜெபக் கடிதம் (வாட்ஸ்அப் போதும்), அதன்பின் புதுத் தளம் பார்க்கும் செலவு. பிள்ளைகளின் ஹாஸ்டல் கட்டணத்திலும் மருத்துவத்திலும் கைவைக்கக் கூடாது. இன்னாருக்கு என்று பெயர் குறித்து வந்த காணிக்கையை, கொடுத்தவரைக் கேட்காமல் வேறொருவருக்குத் திருப்புவதும் கூடாது. பின்னால் சபைக் கூட்டத்தில் வெடிப்பது பெரும்பாலும் இதுதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

20-ஆம் தேதி தீபாவளி. போனஸ் கவர் வரும், அது ஏமாற்றும். போனஸ் கணக்கு முடிந்துபோன ஆண்டுக்கு உரியது, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். இந்த ஆண்டு அடி அடுத்த தீபாவளியில்தான் தெரியும். ஆகவே போனஸ் காணிக்கை முழுவதும் வைப்பு நிதிக்கு. ஒரு குடும்பத்துக்கு மூன்று மாதத் தாங்குதல், அதாவது 54,000, இருந்தால் மூச்சு விடலாம்.

மாதச் சம்பளக்காரர்கள் வருமான வரியைக் குறைக்க மார்ச்சில் கூடுதலாகக் கொடுத்து ஈடுகட்டுவார்கள் என்றும் இருக்க வேண்டாம். புதிய வரி முறையில் 80ஜி, அதாவது நன்கொடைக்கான வரிக் கழிவே இல்லை. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. ஒரு மதத்தாருக்கென்றே உள்ள டிரஸ்ட்டுக்கு 80ஜி கிடைப்பதும் இல்லை.

டிசம்பர் தொகையைக் கிறிஸ்துமஸ் துணிமணிச் செலவுக்கு முன்பே, நவம்பர் 30 ஆராதனையில் வாங்கிவிடுவது உத்தமம்.