பைபாஸ் பட்டறையில் ஒரு படகு வேலை

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

மதியச் சாப்பாடு முடிந்து கண் அசந்த நேரத்தில் புதுச்சேரியிலிருந்து மாப்பிள்ளை போன். தங்கைதான் பேசுகிறாள் என்று நினைத்து எடுத்தேன்.

"மச்சான், படகைக் கரையில ஏத்திட்டேன். தடைக்காலத்துல துறைமுகம் காலியா இருக்கு, வேலை பார்க்க இதுதான் நேரம். புது ரேடியோ ஒண்ணு, தானா ஸ்டியரிங் பிடிக்கிற ஆட்டோபைலட் ஒண்ணு. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகாது. இவருடையது தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களை ஏற்றிப் போகும் படகு: 28 அடி ஃபைபர், பின்னால் இரண்டு அவுட்போர்டு இன்ஜின், ஹைட்ராலிக் ஸ்டியரிங்.

நான் கிருஷ்ணகிரி பைபாஸில் லாரி எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அதைச் சொன்னேன். "அதுவும் 12 வோல்ட், இதுவும் 12 வோல்ட்தானே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பட்டறை மூடியபின் இரவு பன்னிரண்டு வரை, படகிலிருந்து மைக்கில் பேசும் விஎச்எஃப் ரேடியோ பற்றிப் படித்தேன். கடல் விஎச்எஃப் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது. 16-ஆம் சேனல் 156.8; கூப்பிடுவதும் ஆபத்துக்கு அலறுவதும் அதில்தான். 70-ஆம் சேனலில் வாயால் பேசவே கூடாது, அது டிஜிட்டல் அழைப்புக்கு மட்டும்.

மாப்பிள்ளையின் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" லாரிக்காரர்கள் மைலேஜ் கேட்கிற அதே தொனி. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைகிற இடத்தோடு சரி. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியாக வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். இரு படகுகளிலும் 4 மீட்டர் உயரம் என்றால் 16 கிலோமீட்டர். கரையில் 64 மீட்டர் கோபுரம் இருந்தால் 41. வாட்டைக் கூட்டினாலும் பூமி தட்டையாகாது.

அப்பா ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெரிய டிவி வாங்கியபோது, அப்பா பழைய டிவியையே வைத்துக்கொண்டு குழாய்க் கம்பத்தை மட்டும் இன்னொரு பத்தடி உயர்த்தினார். படம் எங்கள் வீட்டில்தான் தெளிவு.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாப்பிள்ளை வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். ஐகாம், ஸ்டாண்டர்ட் ஹொரைசன், கார்மின், ரேமரைன் என்று எல்லாப் பெயரும் இருந்தன. எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததற்கு டிக் அடித்திருந்தார். பெரிய திரை, வண்ணம் வண்ணமாக. மேலே போட வேண்டிய ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் "இருக்கிறதே போதும்" என்று ஒரு வரி.

போட்டோ அனுப்பச் சொன்னேன். பழைய கேபிள் மெல்லிய ஆர்ஜி-58; பிளக் ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர் போய்விட்டது. நல்ல நிலையில் இருந்தாலுமே அந்தக் கேபிள் 10 மீட்டர் ஓடினால் 25 வாட்டில் 9 வாட் கேபிளிலேயே கரையும். தடித்த ஆர்ஜி-213 போட்டால் 5 வாட்டோடு போகும். லாரிக்கு ஆயிரக்கணக்கில் ஹெட்லைட் வாங்கிவிட்டு பல்லிவால் மாதிரி ஒயரில் கரண்ட் கொடுக்கிறவர்களைத் தினம் பார்க்கிறேன். நம் வீட்டு மாப்பிள்ளையும் அந்த ஜாதிதான்.

முடிவாகச் சொன்னது இது. ரேடியோ நடுத்தர விலையில் போதும். 25 வாட், டிஎஸ்சி (70-ஆம் சேனலின் அந்த டிஜிட்டல் அழைப்பு) கட்டாயம், ஜிபிஎஸ் உள்ளேயே இருந்தால் நல்லது. மிச்சமாகும் பணத்தில் எட்டடி ஆன்டெனா, தடித்த கேபிள், ஈயம் பூசிய செம்பு ஒயர், தண்ணீரில் மிதக்கிற கைரேடியோ ஒன்று. படகு கவிழ்ந்தால் சுவரில் மாட்டிய ரேடியோவும் கூடவே போகும், சட்டைப்பையில் இருப்பதுதான் கூட வரும்.

"இன்னும் நீளமான 9 டெசிபெல் ஆன்டெனா இருக்காமே?" என்று கேட்டார். அது அலையை மெல்லிய தோசை மாதிரி விரிக்கும். சின்னப் படகு அலையில் ஆடும்போது அந்தத் தோசை ஒரு முறை வானத்தையும் ஒரு முறை தண்ணீரையும் பார்க்கும். எட்டடி, 6 டெசிபெல் போதும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ரேடியோவில் ஆபத்துக்கு அழுத்தும் சிவப்புப் பட்டனைப் பற்றி மட்டும் தனியாகப் பேசினேன். மூடியைத் திறந்து அழுத்திப் பிடித்தால் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்பதை ரேடியோவே சொல்லிவிடும். ஆனால் ரேடியோவுக்குள் படகின் அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் போட்டிருக்க வேண்டும். இந்தியப் படகுக்கு 419-இல் தொடங்கும். எண் இல்லை என்றால் பட்டன் வெறும் அலங்காரம். பழைய ரேடியோவில் எண் போட்டிருந்ததா என்று கேட்டேன். "கடைக்காரர் போட்டிருப்பார்" என்றார். போடவில்லை.

உரிமம், எண் இரண்டுக்கும் காகித வேலையை இப்போதே தொடங்கச் சொன்னேன். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு சம்பந்தப்பட்ட விஷயம், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்கிற கதை இல்லை. கையில் எண் வராமல் தோராயமாக எதையும் தட்டிவிட வேண்டாம். பல செட்டுகளில் ஓரிரு முறைக்கு மேல் நாமே மாற்ற முடியாது. கடலோரக் காவல்படையின் 1554-ஐயும் ஸ்டியரிங் பக்கத்தில் பெயின்டில் எழுதி வைக்கச் சொன்னேன். கரைக்குப் பக்கத்தில் செல்போன் டவர் கிடைக்கிறவரை அதுவும் உதவும்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். தகரக் கூரைக்குக் கீழே பட்டறை அடுப்பாகக் கொதிக்கிறது. நேற்று ரேடியோ பார்சல் வந்தது.

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து கடல் ரேடியோவில் ஒலிபரப்ப முடியாது, கூடாது. உரிமம் படகுக்குத்தான், பட்டறைக்கு இல்லை. ஆகவே ஆன்டெனா இடத்தில் 50 ஓம் டம்மி லோடு மாட்டினேன். சக்தி முழுவதும் சூடாகி அதற்குள்ளேயே அடங்கிவிடும். 1 வாட்டில் ஒன்றரை ஆம்பியர், 25 வாட்டில் 5.2 ஆம்பியர் எடுத்தது. பட்டறைப் பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு "ஹலோ ஹலோ, சூளகிரி சூளகிரி" என்றான். டம்மி லோடு சுட்டது, வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

அப்புறம் சும்மா 16-ஆம் சேனலைக் கேட்டுப் பார்த்தோம். மலைக்கோட்டைப் பாறைகளுக்கு நடுவில் சுத்தமான நிசப்தம்.

கணக்கு ஒன்று: பேட்டரியிலிருந்து ரேடியோ வரை 7 மீட்டர், போக வர 14. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் பேசும்போது 0.8 வோல்ட்டுக்கு மேல் இறங்கும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3. நான்கையே எழுதிக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

மாங்காய் லோடு சீசன். வரிசையாக லாரிகள், ஒரு வண்டிக்கு ஆல்டர்னேட்டர், இரண்டுக்கு ஸ்டார்ட்டர். படகு ஞாபகமே இல்லை.

மே 8, வியாழன்

ஆட்டோபைலட். பயந்த அளவுக்கு மர்மம் இல்லை. திசை சொல்ல ஒரு காந்தச் சென்சார், முடிவெடுக்க ஒரு கணினிப் பெட்டி, ஸ்டியரிங் எண்ணெயைத் தள்ள ஒரு பம்ப், கையருகில் பட்டன் பலகை.

பம்ப் தேர்வில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். படகின் நீளத்தைச் சொல்லி வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது ஸ்டியரிங் சிலிண்டரின் கொள்ளளவு. மாப்பிள்ளையின் சிலிண்டர் சுமார் 140 சிசி. நிமிடத்துக்கு அரை லிட்டர் தள்ளும் பம்ப் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இன்ஜினைத் திருப்ப 17 விநாடி எடுக்கும். ஒரு லிட்டர் பம்ப் என்றால் எட்டரை. வேகப் படகு பக்கவாட்டில் அலை தள்ளும்போது 17 விநாடி காத்திருக்காது. ஒரு லிட்டர் என்று முடிவு.

பாகங்களை இணைக்கும் என்எம்இஏ 2000 என்ற லைனைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லாரியில் கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஜே1939 கேன் லைனின் பங்காளி அது. விநாடிக்கு அதே 250 கிலோபிட், இரண்டு கோடியிலும் அதே 120 ஓம். மீட்டர் வைத்தால் அதே 60 ஓம் காட்ட வேண்டும். மாப்பிள்ளை சொன்னது முழுப் பொய்யில்லை.

மே 11, ஞாயிறு

சென்சாரை மொட்டைமாடியில் வைத்துச் சோதித்தேன். பத்தடி நடந்தால் வடக்கு 15 டிகிரி நகர்கிறது. சென்சார் கெட்டது என்று ஒரு நிமிடம் வயிறு கலங்கியது. அப்புறம்தான் உறைத்தது, காலுக்குக் கீழே கான்கிரீட்டில் இரும்புக் கம்பி. மாமா தோப்புக்கு எடுத்துப் போய், ஆணியில்லாத மரப்பலகையில் வைத்தேன். அடங்கிய பிள்ளையாக ஒரே திசை காட்டியது. செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோனதும் மறுபடி ஆட்டம். ரேடியோ ஸ்பீக்கரிலும் காந்தம் உண்டு. படகில் இரண்டையும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் வைத்ததும் அதை உத்தேசித்துத்தான். நடுக்கோட்டருகே காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுத்தே கிடப்பதால், படகு சாய்ந்தாலும் திசைகாட்டி வட நாடுகளில் குழம்புகிற அளவுக்குக் குழம்பாது.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. புதுச்சேரிக்குத் திருவண்ணாமலை வழியாகத்தான் போக வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள எனக்குப் பைத்தியமா? பயணம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டேன்.

மே 18, ஞாயிறு, இரவு

ஊர் திரும்பி இதை எழுதுகிறேன். நேற்று விடியற்காலை கிளம்பி, ஊத்தங்கரையில் டீ, செங்கத்தில் இட்லி, செஞ்சி தாண்டும்போதே வியர்வை பிசுபிசுத்தது.

வேலை ஒன்றரை நாள். பம்ப் பொருத்தியதும் ஸ்டியரிங் பஞ்சு மாதிரி அமுங்கியது. மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. லைனில் காற்று! லாரி கிளட்ச்சுக்கு ஏர் எடுக்கிற அதே வேலை: ஒருவர் ஸ்டியரிங்கைச் சுற்ற, ஒருவர் நிப்பிளைத் திறக்க, ஒருவர் எண்ணெய் ஊற்ற. ஒரு மணி நேரத்தில் கெட்டியானது. கேன் லைனில் 60 ஓம். ஒயர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து, ஒரு சாணுக்கு ஒரு டேக் போட்டு, பார்க்கவே அழகாக ஹார்னஸ் அடித்தேன்.

இன்று காலை படகை இறக்கி, காற்று எழுவதற்கு முன் வெளியே போனோம். மெதுவாக இரண்டு வட்டம் சுற்றியதும் திசைச் சென்சார் தன்னைத் திருத்திக்கொண்டது. கிழக்கே திருப்பி பட்டனைத் தட்டினேன். ஸ்டியரிங் ஆளில்லாமல் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டது. வேகம் குறைந்தபோது கொஞ்சம் அலைந்தது, கூடியதும் நேரானது.

படகு ஓட்டும் பெரியவர் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் ஆடிய வெள்ளை மிதவையைக் காட்டி, "அந்த வலையை உன் பெட்டி பார்க்குமா தம்பி?" என்றார்.

"பார்க்காதுங்க ஐயா."

ஸ்டியரிங்கை மறுபடி கைக்குத் தரும் ஸ்டேண்ட்பை பட்டன் எது என்று மட்டும் கேட்டு, இரண்டு முறை தட்டிப் பழகிக்கொண்டார்.

மே 21, புதன்

மாப்பிள்ளை போன். "மச்சான், பேய் புகுந்துடுச்சு. மைக்கை அழுத்திப் பேசினா படகு இடது பக்கம் திரும்புது. விட்டா நேராயிடுது."

பேய் இல்லை, நான்தான். எங்கே என்றுதான் தெரியவில்லை. 1 வாட்டில் பேசிப் பார்க்கச் சொன்னேன். அதில் அசைவு தெரியவில்லையாம். 25-இல் 20 டிகிரி.

மே 22, வியாழன்

இரவு முழுக்க யோசனை. ஆன்டெனாவிலிருந்து கசியும் அலை சென்சார் ஒயரில் ஏறுகிறதா, அல்லது ரேடியோ இழுக்கும் 5 ஆம்பியர் கரண்டின் காந்தம் சென்சாரைத் தள்ளுகிறதா? பிரித்தறிய ஒரே வழி டம்மி லோடு: அலை வெளியே போகாது, கரண்ட் மட்டும் ஓடும். அது இங்கே மேசை மேல் கிடக்கிறது. காலை பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டேன்.

மே 24, சனி

டம்மி லோடு போய்ச் சேர்ந்தது. ஆன்டெனாவைக் கழற்றி அதை மாட்டிப் பேசினார். 20 டிகிரி போய் 4 டிகிரிதான். ஆக இரண்டு தப்பும் உண்டு, இரண்டும் என்னுடையவை.

முதலாவது, என் அழகான கட்டு. லாரியில் எல்லா ஒயரையும் சேர்த்துக் கட்டுவதுதான் நல்ல வேலைக்காரனுக்கு அடையாளம். அதே கையோடு ஆன்டெனா கேபிளையும் சென்சார் கேபிளையும் இரண்டு மீட்டருக்கு ஒட்ட வைத்துக் கட்டிவிட்டேன்.

இரண்டாவது, பாடி எர்த் புத்தி. லாரியில் நெகட்டிவை அருகில் இருக்கிற இரும்பில் அடித்துவிடுவோம். ஃபைபர் படகில் இரும்பு இல்லை, அதனால் கையெட்டும் தூரத்தில் இருந்த நெகட்டிவ் பட்டையில் கறுப்பு ஒயரை முடித்தேன். சிவப்பு ஒரு வழியில், கறுப்பு வேறு வழியில். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒன்றின் காந்தத்தை மற்றது தின்றுவிடும். தனியாக ஓடிய சிவப்பு ஒயர் சென்சாரிலிருந்து ஒரே அடி தூரத்தில்.

போனிலேயே சொன்னேன்: எல்லா டேக்கையும் வெட்டுங்க மாப்பிள்ளை. ஆன்டெனா கேபிளை வலது பக்கச் சுவரோடு கொண்டுபோங்க. ரேடியோவின் கறுப்பு ஒயரை பேட்டரி வரைக்கும் இழுத்து, சிவப்போடு சடை பின்னுகிற மாதிரி முறுக்குங்க. சென்சார் கேபிளில் ஏறுகிற அலையை அடக்க ஒரு ஃபெரைட் வளையம்.

"அழகா இருந்துச்சே மச்சான்" என்றார். அவருக்கே மனசு வரவில்லை.

மே 28, புதன்

இன்றோடு அக்னி முடிகிறது. மாலை மாப்பிள்ளை வீடியோ அனுப்பியிருந்தார். கிழக்கே ஓடும் படகு, திரையில் 092. மைக்கை அழுத்தி 25 வாட்டில் துறைமுகத்தைக் கூப்பிடுகிறார். 092. பதில் வருகிறது. 093. பெரியவரின் கை ஸ்டேண்ட்பை பட்டன் மேல்.

டம்மி லோடைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும்.