பிளேடு பிளவில் மூன்று கோடுகள், அம்மாவின் கண்ணில் நான்காவது

போன ஞாயிற்றுக்கிழமை இரவு ஹைட்ரஜன் விடும் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் மூன்று கோடுகளின் அலைநீளங்களை அளந்து, 656.5, 486.3, 433.8 நானோமீட்டர் என்று நோட்டில் எழுதி முடித்தேன். புத்தக மதிப்புகள் 656.3, 486.1, 434.0. ஒரு டிவிடி தகட்டின் துண்டு, சவர பிளேடு ஒன்றின் இரண்டு பாதிகள், மகன் ஒதுக்கிய கைப்பேசி ஆகியவற்றைக் கொண்டு, திருவொற்றியூரில் ஒரு மாடி அறையில் இந்த அளவுக்கு நெருங்கியதைப் பற்றி நான் பெருமை அடித்துக்கொள்ளத்தான் போகிறேன். நான்காவதான 410.2 மட்டும் நான்கு மாதமாகக் கேமராவில் விழவில்லை. ஆகவே இதில் புலம்பலும் கலந்திருக்கும்.

ஒரு மெல்லிய பிளவு வழியாக நுழையும் ஒளியை டிவிடித் துண்டால் நிறங்களாக விரித்துக் காட்டும் பெட்டி இது. பதிவு செய்யாத டிவிடியை விளிம்பில் கத்தி கொடுத்து இரண்டாகப் பிரித்து, ஊதாச் சாயத்தைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் கழுவி, தடங்களின் வளைவு குறைவாக இருக்கும் வெளி ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டினேன். சிடியில் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இருக்கிறது, டிவிடியில் 0.74 தான் என்பதால் நிறங்கள் இரண்டு மடங்குக்கும் மேல் விரிகின்றன. ஒரு காலத்தில் பர்மா பஜாரில் நடைபாதை முழுக்கக் குவிந்து கிடந்த வெற்று டிவிடியை இன்று அங்கே கேட்டால் கைப்பேசி உறையைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் கிடைத்தது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது பிளவுதான். முதலில் கறுப்பு அட்டையைக் கட்டரால் கீறி வைத்தேன். கோடுகள் விரல் தடிமனுக்குத் தெரிந்தன. பிளவு நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, பாதரச ஆவியின் மஞ்சள் இரட்டைக் கோடுகளைப் போல நம்பகமான சோதனை வேறு இல்லை. பாதரச ஆவி அடங்கிய பழைய சிஎஃப்எல் விளக்கை நோக்கிப் பிடித்தால் 577.0, 579.1 ஆகிய இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும். அட்டைப் பிளவில் அவை ஒரே மஞ்சள் பட்டையாக இருந்தன.

அதன்பின் இருபக்கமும் கூரான பிளேடை நீளவாக்கில் உடைத்து, இரு பாதிகளையும் கூர்முனைகள் எதிரெதிரே நோக்கும்படி சிறு காந்தங்களின் மேல் வைத்தேன். பசையால் ஒட்டினால் காயும்போது பிளேடு நகர்ந்துவிடுகிறது, காந்தத்தின் மேல் என்றால் நகத்தால் மயிரிழை அளவு தள்ளலாம். இடைவெளியை அளக்க, எங்கள் தெரு முனையில் இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் அண்ணனிடம், டேப்பெட் வைப்பதற்கு அவர் பயன்படுத்தும் ஃபில்லர் கேஜை இரவல் வாங்கினேன். அதன் மிக மெல்லிய 0.05 மில்லிமீட்டர் இதழை நடுவில் நிறுத்தி, இரு பாதிகளும் இதழைத் தொடும் வரை தள்ளி, இதழை நேர் மேலே உருவ வேண்டும். சற்றுச் சாய்த்து உருவினாலும் பிளவு மேலே அகன்று கீழே குறுகி, கோடுகள் ஆப்பு வடிவில் வரும். பதினோராவது முயற்சியில்தான் மஞ்சள் கோடுகள் இரண்டாகப் பிரிந்தன. அந்த மகிழ்ச்சியும் ஒரு வாரம்தான் நீடித்தது. கடற்காற்றில் கூர்முனையில் துரு பூத்து, துருப்பொடி ஒட்டிய இடங்களில் நிறமாலையின் குறுக்கே கருங்கீற்றுகள் ஓடின. இப்போது பிளவை, காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். இந்த மாதம் துரு இல்லை.

ஹைட்ரஜன் குழாயையும் அதற்கு 5000 வோல்ட் அளவில் மின்சாரம் தரும் தாங்கியையும், பள்ளி ஆய்வகச் சாமான்களுக்குப் பேர்போன அம்பாலாவிலிருந்து வரவழைத்தேன். முதல் குழாய் உடைந்து வந்தது. அனுப்பியவர் பொறுப்பு கூரியர்காரருடையது என்றார், கூரியர்காரர் பொட்டலம் கட்டியவருடையது என்றார், இரண்டாவது குழாய்க்கும் நான்தான் பணம் கட்டினேன். தாங்கியின் முனைகளை மின்சாரம் இருக்கும்போது தொடக்கூடாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். குழாயை 30 விநாடி எரித்தால் 30 விநாடி ஓய்வு கொடுக்கிறேன். அதன் நடுவிலுள்ள மயிர்த்துளைப் பகுதியில்தான் இளஞ்சிவப்பு ஒளி அடர்த்தியாக இருக்கிறது, பிளவை அதற்கு நேராக வைக்க வேண்டும். குழாய்க்குள் அடைக்கப்பட்டிருப்பது இரண்டு அணுக்கள் பிணைந்த மூலக்கூறுகள். மின்னிறக்கம் அவற்றில் சிலவற்றை உடைத்துத் தனி அணுக்களாக்குகிறது. உடையாத மூலக்கூறுகளும் ஒளி விடுவதால், சிவப்புக்கும் பச்சைநீலத்துக்கும் நடுவே எண்ணற்ற மெல்லிய கோடுகள் மூட்டமாகத் தெரியும். அதைக் கண்டு குழாயில் காற்று புகுந்துவிட்டதென்று நான் பயந்ததைப் போல நீங்கள் பயப்பட வேண்டாம்.

இங்கே ஓர் அவமானத்தையும் பதிவு செய்கிறேன். பிப்ரவரியில் ஊதாக் கோட்டை 436 என்று அளந்து, 434-க்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டேனே என்று நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஹைட்ரஜனில் இருக்கவே கூடாத ஒரு பச்சைக் கோடு 546-இல் மங்கலாக நின்றது. மாடிப்படியில் எரிந்த சிஎஃப்எல் விளக்கின் ஒளி, கதவு இடுக்கு வழியாக வந்து குழாயின் கண்ணாடியில் பட்டுப் பிளவுக்குள் நுழைந்திருக்கிறது. நான் கொண்டாடியது பாதரசத்தின் 435.8. அன்றிலிருந்து, அளப்பதற்கு முன் 546-இல் இருள் இருக்கிறதா என்று பார்ப்பதே என் முதல் வேலை.

சிவப்புக் கோட்டின் தொல்லை வேறு வகை. படத்தில் எந்த இடம் எந்த அலைநீளம் என்பதற்குப் பாதரசக் கோடுகளை மட்டும் வைத்து அளவுகோல் அமைத்தால், 579-க்கு அப்பால் எல்லாமே ஊகமாகிவிடுகிறது. அப்படி எனக்கு 661 வந்தது. மின்வேலைக்காரர்கள் சட்டைப்பையில் செருகியிருக்கும் டெஸ்டருக்குள் இருக்கும் நியான் குமிழ்தான் இதற்கு மருந்து. நியானின் 653.3, 659.9 ஆகிய கோடுகள் நம் சிவப்புக் கோட்டை இருபுறமும் காவல்காரர்களைப் போல அணைத்து நிற்கின்றன. புதிய டெஸ்டர்கள் சிலவற்றில் எல்இடி வருகிறது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

அளவுகள் கிடைத்தபின் செய்த கணக்குதான் இத்தனை நாள் பாடுபட்டதற்குக் கிடைத்த கூலி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஆசிரியராக இருந்த யோஹான் பாமர், 1885-இல் தமது 60-ஆம் வயதில், இந்தக் கோடுகளின் அலைநீளங்கள் ஒரே எண்ணை முறையே 9/5, 4/3, 25/21, 9/8 ஆகியவற்றால் பெருக்கக் கிடைப்பவை என்று கண்டார். என் மூன்று அளவுகளையும் உரிய பின்னங்களால் வகுத்தேன். 364.7, மறுபடியும் 364.7, பிறகு 364.4 வந்தன. தாளைப் புரட்டி இன்னொரு முறை வகுத்துப் பார்த்தும் அதேதான் வந்தது. பாமருக்கு அந்த எண் ஏன் வருகிறதென்று தெரியாது. அவர் சூத்திரம் எழுதிய அதே ஆண்டில் பிறந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913-இல் விடை சொன்னார். ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும் மட்டுமே உள்ள இந்த அணுவில், எலக்ட்ரானின் ஆற்றல் படிக்கட்டுபோலக் குறிப்பிட்ட மட்டங்களில்தான் இருக்க முடியும். மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கினால் 1.89 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) ஒளியாக வெளிவந்து சிவப்புக் கோடாகிறது, நான்கிலிருந்து இறங்கினால் 2.55 வெளிவந்து பச்சைநீலமாகிறது, ஐந்திலிருந்து என்றால் ஊதா. என் சராசரியான 364.6 நானோமீட்டருக்குரிய ஆற்றல் 3.40. அதுவே இரண்டாம் மட்டத்திலிருந்து எலக்ட்ரானை முற்றிலும் பிரித்தெடுக்கத் தேவையான அளவு. முதல் மட்டம் நான்கு மடங்கு ஆழமானது என்பதால் 13.6 எலக்ட்ரான் வோல்ட். பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல், 34 ஆண்டுகளுக்குப் பிறகு என் பிளேடின் வழியாக வந்து சேர்ந்தது.

இனி அந்த நான்காவது கோடு. ஆறாம் மட்டத்திலிருந்து இறங்குவது இது. ஒளியே மங்கல், போதாக்குறைக்கு 410 நானோமீட்டர் நம் பார்வையின் ஓரம், கைப்பேசிக் கேமராவோ அந்தப் பக்கமே திரும்புவதில்லை. வெறும் கண்ணால் பார்த்தாலும் எனக்கு மூன்றுக்கு மேல் தெரியவில்லை. ஒரு நாள் காபி கொண்டுவந்த அம்மா, இருட்டில் என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டுப் பெட்டியில் கண்ணை வைத்தார். அவருக்கு வயது 76.

“மூணுன்னு சொன்னியே, நாலு இருக்குதுடா. ஓரத்துல கத்திரிப்பூ கலர்ல ஒண்ணு மங்கலா நிக்குது பாரு.”

படிக்கட்டு விளக்கை அணைத்திருந்தேன், பச்சைக் கோடு இல்லை. நான்காவது எங்கே இருக்க வேண்டும் என்று எதுவும் சொல்லாமல் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். ஐம்பது ஆண்டுகளாகப் புள்ளி பிசகாமல் கோலம் போடும் கை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 23 மில்லிமீட்டர், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே 10. டிவிடி விரிக்கும் கோணங்களைக் கணக்கிட்டால் அந்த விகிதம் 2.3-தான் வர வேண்டும். வயதாக ஆகக் கண் வில்லை மஞ்சளாகி ஊதா ஒளியை வடிகட்டிவிடும். அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை எடுத்து, தெளிவான செயற்கை வில்லை வைத்திருக்கிறார்கள். என் 51 வயதுக் கண் வில்லை இன்னும் நான் பிறந்தபோது வந்ததுதான். இருந்தாலும் கண்ணால் கண்டது அளவீடு ஆகாது என்பதால், அந்த 410 என் நோட்டில் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.

அதைப் பேனாவால் எழுதுவதற்காக மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய வெப்கேம் வாங்கி, அதன் வடிகட்டிக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். எட்டு விநாடி திறந்து வைத்தால் விழக்கூடும். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடுவதால், அந்த எட்டு விநாடிக்குள் மேசை இரண்டு முறையாவது அதிர்கிறது. காற்றடைத்த சைக்கிள் டியூபின் மேல் தெர்மாகோல் பலகை, அதன் மேல் பெட்டி என்று ஏற்பாடு செய்து வருகிறேன்.

இதற்கிடையே மனம் வேறெங்கோ தாவிவிட்டது. வெள்ளைத் தாளில் விழும் வெயிலைப் பெட்டியால் பார்த்தால், இதே 656, 486 இடங்களில் கருங்கோடுகள் தெரிகின்றன. சூரியனின் வளிமண்டலத்திலுள்ள ஹைட்ரஜன் விழுங்கியவை அவை. 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தின்போது நம் சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும், பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூரிலும் நிறமாலை பார்த்தார்கள். அந்தக் கோடுகளை ஒழுங்காகப் படமெடுக்க மொட்டைமாடியில் ஒரு நிழற்பெட்டி செய்ய அளவு எடுத்தாகிவிட்டது. ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியத்தின் மீதும் ஆசை இருக்கிறது, ஆனால் 1931-இல் வேதியியலாளர் யூரே அதைக் கண்டுபிடிக்க உதவிய விலகல் சிவப்புக் கோட்டில் 0.18 நானோமீட்டர்தான். என் கோட்டின் அகலமே 1 நானோமீட்டரைத் தாண்டுகிறது, ஆகவே அது இந்தப் பெட்டியால் ஆகாது.

சைக்கிள் டியூபில் நேற்று காற்று இறங்கிவிட்டது. பஞ்சர் ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறேன், இன்றிரவு லாரிகள் குறையும் இரண்டு மணிக்கு மேல் மறுபடியும் வைத்துப் பார்க்க வேண்டும்.