காசியில் பரிமாறக் கிடைத்த பாக்கியம்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த அன்று விசுவநாதரிடம் ஒன்று வேண்டிக்கொண்டேன். "இவரை எழுப்பிக் கொடுத்துடு. ரெண்டு பேரும் உன் ஊருக்கு வந்து, பசின்னு வர்றவங்களுக்குச் சோறு போடுற இடத்தில் நிற்கிறோம்." தரிசனம் பண்ணுகிறேன், உண்டியலில் போடுகிறேன் என்றெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. சோறு போடுகிறேன் என்றுதான் வந்தது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் எழுந்து நடமாடி, டாக்டரும் தாராளமாகப் போகலாம் என்று சொன்ன பிறகு, ஐப்பசியில் சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். பிள்ளைகளுக்கு மனசே இல்லை. "இந்த வயசில் அங்கே போய்ப் பாத்திரம் கழுவணுமா?" என்று மகள் அழுதாள். கார்த்திகைப் பௌர்ணமி முடிந்ததும் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

நாங்கள் வேலை செய்தது கேதார் காட் பக்கம், தமிழ் யாத்ரீகர்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு சத்திரத்தில். போன அன்றே காசிக்குக் காவலான காலபைரவரிடம் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையிலிருந்து அடுப்படிக்குப் போனோம். எனக்குக் காய் நறுக்குவதும் பந்தியில் பரிமாறுவதும். அவருக்கு அறைச் சாவிகளும் வருகைப் பதிவு நோட்டும். மின்வாரியத்தில் கணக்குப் பார்த்த மனுஷர், ஒரு வாரத்தில் ரிக்‌ஷாக்காரர்களோடு இந்தியில் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். ராம்நகர் கத்திரிக்காய் ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்குகிற அளவு இருக்கும். அதில் எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ண முடியாது, கூட்டுதான்.

கயா போய்விட்டு வருகிறவர்களுக்குப் பரிமாறுவது தனி வேலை. அங்கே அட்சயவடம் என்கிற ஆலமரத்தடியில் ஒரு காய், ஒரு பழம் இனிமேல் சாப்பிடுவதில்லை என்று விட்டுவிட்டு வந்திருப்பார்கள். கரண்டியை இலைக்குக் கொண்டுபோகும்போதே, "அம்மா, அவரைக்காய் விட்டாச்சு," "எனக்குப் பாகல்" என்று குரல் வரும். யார் எதை விட்டார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த வேளைக்கும் பார்த்துப் போட வேண்டும். ஒரு பெரியவர் தனக்கு ரொம்பப் பிடித்த வாழைக்காயையே விட்டுவிட்டு வந்து, பக்கத்து இலையில் வறுவல் விழுவதைச் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரசத்தை இன்னொரு தடவை ஊற்றினேன்.

விடியற்காலையில் கேதார் காட் படியிறங்கி ஸ்நானம் பண்ணிவிட்டு, கௌரி கேதாரேஸ்வரரைப் பார்க்காமல் அடுப்பு பற்றவைத்ததில்லை. நடுவில் கோடு ஓடி இரண்டு பாகமாக இருக்கும் சுயம்பு. மாந்தாதா என்ற பக்தர் கிச்சடியைப் பங்கு போட்ட இடத்தில் சுவாமி வந்தார் என்பார்கள். அங்கேயும் சோறுதான்! பக்கத்திலேயே குமரகுருபரர் நிறுவிய மடம். பதினேழாம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையிலிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறாரே அந்த மகான், நாங்கள் ரயிலில் வந்ததற்கா இடுப்பு வலி என்று சொல்வது? சாயங்காலம் விசுவநாதர் கோயில் பக்கம் போனால், நகரத்தார் சத்திரத்திலிருந்து வில்வமும் பாலும் பூவும் சுமந்து "சம்போ சம்போ" என்று வருவார்கள். 1813-ல் தொடங்கிய கைங்கரியம். அந்தக் குரல் கேட்டதும் அத்தனை கூட்டமும் தானாக வழி விடும். எனக்குக் கண் கலங்கிவிடும்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2021-ல் விசுவநாதர் கோயிலின் புது வளாகம் திறந்த பிறகு இடம் விசாலமாகிவிட்டது, ஆனால் ஜனமும் அந்த அளவுக்குப் பெருகிவிட்டது. செருப்பு வைக்க இடம் காட்டுகிறேன் என்று கூப்பிட்டு, பூத்தட்டு வாங்கினால்தான் விடுவேன் என்பவர்கள் ஒரு பக்கம். சங்கல்பத்தைப் பாதியில் நிறுத்தித் தட்சணை பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வயசானவர்களை பஸ் நிறையக் கூட்டிவந்து, தங்கும் இடத்தின் பேரைக்கூட எழுதிக் கொடுக்காமல் சந்தில் இறக்கிவிடுகிறார்களே, அவர்களை என்ன சொல்வது? காசிச் சந்துகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் அம்மா அப்பாவை அனுப்பினால், விலாசத்தையும் போன் நம்பரையும் இந்தியிலும் தமிழிலும் எழுதி இடுப்பில் செருகி அனுப்புங்கள்.

தீபாவளிக்கு அங்கே தங்க அன்னபூரணி தரிசனம். தீபாவளிக்கு முன்னால் வரும் தனதிரயோதசியில் திறந்தால், தீபாவளி கழிந்து வரும் அன்னகூடம் வரைக்கும்தான், அப்புறம் அடுத்த வருஷம். ராத்திரியே வரிசையில் போய் நின்றோம். "ரெண்டாயிரம் கொடுங்க, நேரே போகலாம்" என்று ஒருவன் வந்து நின்றான். இவர் பேசாமல் கை எடுத்துக் கும்பிட்டார், போய்விட்டான். தள்ளுமுள்ளில் இவருடைய நெஞ்சில் யாராவது முட்டிவிடுவார்களோ என்று நான் முன்னால் கையை விரித்துக்கொண்டே நகர்ந்தேன்.

மேல்மாடியில் ஏறி நிமிர்ந்தால், அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கையில் கரண்டி. எதிரே பரமேசுவரன் திருவோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். உலகத்துக்கே படியளக்கிறவர் பெண்டாட்டி முன்னால் சோற்றுக்கு நிற்கிறார்! ஆஸ்பத்திரியில் இவர் எழுந்து உட்கார முடியாமல் வாயைத் திறந்ததும், நான் கஞ்சியை ஸ்பூனில் ஊட்டியதும் அப்படியே கண் முன்னால் வந்தது. அன்று அந்த வேண்டுதலை என் வாயில் வைத்தவள் இவள்தான் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்க ஒன்றுமில்லை, "அம்மா, அம்மா" என்பதற்கு மேல் வார்த்தையும் இல்லை. பூசாரி நெல்பொரியும் ஒரு நாணயமும் கையில் போட்டதை வெளியே வந்துதான் பார்த்தேன். இவர் சத்தமாகவே அழுதார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா போனபோது மட்டும்தான்.

அதற்கப்புறம் சாம்பார்க் கரண்டியை எடுக்கும்போதெல்லாம் கை தானாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

காசியில் யாரும் பசியோடு படுக்க அவள் விடமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் கண்ணால் பார்த்தேன். ஒரு ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, தென்காசிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் கூட்டத்திலிருந்து பிரிந்துபோய், யாரோ ஒரு போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. இருந்தது காலையில் எங்களுக்கென்று தண்ணீர் ஊற்றி வைத்த சோறு மட்டும்தான். வெந்நீரில் சூடு காட்டிப் பிழிந்து, மோரும் நார்த்தங்காயும் வைத்துக் கூசிக்கொண்டே கொடுத்தேன். "காலையிலேர்ந்து பழையதுக்குத்தான் நாக்கு ஏங்குச்சு தாயி, இன்னும் ஒரு கல்லு உப்பு போடு," என்றார் பாட்டி. இதை யார் ஏற்பாடு பண்ணினார்கள்? நானா?

இவருக்கு அங்கே ஒரு நாள்கூட மூச்சு வாங்கவில்லை. கேதார் காட்டில் அத்தனை படி! வீட்டில் மாடி ஏறவே யோசிப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியன்று எல்லாப் படித்துறையிலும் விளக்கு. படகுக்காரர்கள் கேட்ட கூலியைக் கேட்டுத் தலை சுற்றியது. பந்தி முடிந்து நாங்கள் படிக்கு வரும்போது பாதி விளக்கு அணைந்திருந்தது. பரவாயில்லை, எண்ணெய் விட்டு ஏற்றினோம்.

ராமேசுவரத்துக்குக் கங்கை கொண்டுபோய் ராமநாதருக்கு அபிஷேகமும் ஆயிற்று. வேண்டுதல் முடிந்ததென்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சத்திரத்திலிருந்து போன வாரம் போன் பண்ணினார்கள், வருகிற ஐப்பசிக்குப் பரிமாற ஆள் போதவில்லையாம். இவர் என்னிடம் கேட்காமலேயே, "வர்றோம்" என்று சொல்லிவிட்டார். தாயே, அன்னபூரணி, உனக்கு என்ன கைம்மாறு செய்வோம் நாங்கள்!