சிறிய கோவிலுக்குப் பலிபீடம் செய்யும்போது

இருநூறு பேர் அமரும் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பலிபீடம் 5 அடி நீளம், 2½ அடி அகலம், 3 அடி 2 அங்குல உயரம் இருந்தால் தாராளம். பணம் குறைவா? மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடியுங்கள், மேற்கல்லில் மட்டும் வேண்டாம்.

தரையோடு பதித்த நிலையான பலிபீடத்தின் மேற்பலகை ஒரே இயற்கைக் கல்லாக இருக்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1236. நாட்டு ஆயர்களின் கூட்டமைப்பான ஆயர் பேரவை அனுமதித்தால் தகுந்த, உறுதியான வேறு பொருளும் ஆகலாம். கடைகளிலோ 18 மி.மீ. கிரானைட்டின் விளிம்பில் இன்னொரு பட்டையை ஒட்டித் தடிமனாகக் காட்டிவிடுவார்கள். அந்த ஒட்டில் மெழுகும் தூசியும் ஏறி, கறுப்புக் கோடாக நிற்கும். பெரிய கல் பிளாக்கிலிருந்தே 3 அங்குலக் கனத்தில் அறுத்து வாங்குங்கள். கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம்: விளக்கொளி குருவின் கண்ணில் அடிக்கும், பீடத்துகில் வழுக்கும். மங்கலான மெருகே நல்லது. வெளிர்நிறக் கல்லென்றால் கறை உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் பூசாமல் விடாதீர்கள், திராட்சை இரசக் கறை உள்ளே இறங்கிவிடும்.

இந்தக் கல் மட்டுமே ஏறக்குறைய 240 கிலோ. பீடம் நிற்கும் மேடைக்குள் நிரப்பிய மண்மேல் நிறுத்தினால், மழைக்காலம் போனதும் மண் அமர்ந்து பீடம் சாயும். கெட்டித் தரையிலிருந்தே கான்கிரீட் அடித்தளம் எழுப்பவேண்டும். புனிதரின் திருப்பண்டம் (எலும்பு போன்ற உடல் எச்சம்) வைப்பதானால் அதற்கான குழி பீடத்தின் அடியில்தான், மேற்கல்லில் அல்ல. ஆகவே கல் ஏற்றுமுன்பே ஆயரகத்தில் கேட்டு முடிவுசெய்யுங்கள். தாங்கும் தூண் மேற்கல் விளிம்பிலிருந்து 6 அங்குலம் உள்ளடங்கியிருந்தால் குருவின் கால் இடிக்காது. பின்னால் 4 அடியும் பக்கங்களில் 3 அடியும் விட்டால் தூபக்கலசத்தோடு சுற்றிவரலாம்.

வாசக மேடையும் அதே கல்லில், அசையாதபடி இருக்கட்டும். மடக்கு ஸ்டாண்டு அதற்கு ஈடாகாது. சாய்தளம் 20 அங்குல அகலம், கீழ்விளிம்பு தரையிலிருந்து 40 அங்குலம். புத்தகம் சரியாமல் தடுக்கும் விளிம்பு ஓர் அங்குலம் தாண்டினால் பக்கத்தின் கடைசி வரிகள் மறையும். மைக் ஒயருக்கான குழாயைத் தளம் போடும்போதே பதியுங்கள். மறந்தால் ஒயர் படிமேல் கிடந்து, வாசிக்க வருபவரின் காலை இடறும். சிறுவர்களும் வாசிப்பார்களே, இழுத்துப் போட ஒரு மரப்படி அவசியம்.

குருவின் இருக்கை சிம்மாசனம்போல் இருக்கக்கூடாது. கைப்பிடியுள்ள எளிய தேக்கு நாற்காலி போதும், மரம் நன்றாக உலர்ந்ததா என்று மட்டும் பாருங்கள்.

நற்கருணை அப்பத்தைக் காத்துவைக்கும் நற்கருணைப் பேழை அசைக்க முடியாததாக, உள்ளே தெரியாததாக, பூட்டுள்ளதாக இருக்கவேண்டும். தேக்குக் கூட்டுக்குள் எஃகுப் பெட்டி வைத்து, சுவரில் ஆங்கர் போல்ட்டால் இறுக்குவது பாதுகாப்பு. செங்கல் சுவரென்றால் அந்த இடத்தில் கான்கிரீட் கட்டை பதித்திருக்கவேண்டும், வெறும் செங்கல்லில் போல்ட் பிடிக்காது. அந்த அப்பத்தை இட்டுவைக்கும் நற்கருணைக் கலத்தை மூடியோடும் மூடிமேல் உள்ள சிலுவையோடும் அளந்த பிறகே பெட்டிக்கு ஆர்டர் கொடுங்கள். உயரம் அரை அங்குலம் குறைந்தாலும் கதவு சாத்தாது.