வாஷர் பார்க்கும் வேலை

ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு சிறிய கடையில் இரண்டு வருடம் பார்ட்டைம் வேலை பார்த்தேன். மால்ட் (முளைகட்டிய தானியம்), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), சர்க்கரையைத் தின்று கேஸ் விடும் ஈஸ்ட் எல்லாம் முதலாளியின் ராஜ்ஜியம். என் மேசைக்கு வந்து சேர்ந்தவை பழைய கம்பி மூடி பாட்டில்கள். பீங்கான் மூடி, அதில் சிவப்பு ரப்பர் வாஷர், கழுத்தில் மாட்டிய கம்பி. கட்டைவிரலால் கம்பியைக் கீழே தள்ளினால் மூடி படக்கென்று உட்காரும். நாற்பது பாட்டில் மூடிய அன்று சாயங்காலம் பேனா பிடிக்க முடியாது.

பார்த்த உடனே எனக்கு ஞாபகம் வந்தது கோலி சோடா. இரண்டும் கிட்டத்தட்ட சமவயதுதான். ஹைரம் காட் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கியது 1872இல். நியூயார்க்கில் சார்ல்ஸ் டி க்வில்ஃபெல்ட் கம்பி மூடிக்கு வாங்கியது 1875இல். ஆனால் குணம் நேரெதிர். கோலி சோடாவில் கேஸ்தான் கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. கம்பி மூடியில் கேஸ் மூடியைத் தூக்கப் பார்க்கிறது, கம்பி விடமாட்டேன் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது வாஷர். 1892இல் வில்லியம் பெயின்டரின் தகர மூடி வந்து இரண்டையும் ஓரங்கட்டிவிட்டது. இருந்தும் ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்புர்கர் பியர் இன்னும் கம்பி மூடியில்தான் வருகிறது. வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கும் அது வசதி: மூடி அடிக்கும் கருவி வேண்டாம், கழுவிக் கழுவி வருடக்கணக்கில் ஓட்டலாம்.

மாதம் ஒருவராவது கோபமாக வந்து நிற்பார். "நுரையே இல்லை, நீங்கள் கொடுத்தது செத்த ஈஸ்ட்" என்பார். முதலாளி வாதாட மாட்டார். ஒரு பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் வாளியில் முக்கிப் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் மூடியின் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. கழற்றிப் பார்த்தால் வாஷரில் பாட்டில் வாயின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும், அடியில் கறுப்பாகப் பூசணம். பள்ளம் லேசாக இருந்தால் திருப்பிப் போட்டு இன்னும் சில தடவை ஓட்டலாம். வெடிப்பு விட்டிருந்தால் குப்பைக்கு. குக்கர் கேஸ்கட்டை ஃப்ரிட்ஜில் வைத்து ஆயுளை நீட்டும் வீட்டில் வளர்ந்தவன் நான். சில காசு வாஷரைத் தூக்கிப் போட எனக்கே ஆரம்பத்தில் மனசு வரவில்லை.

இவ்வளவு தெரிந்தும் என் அறையில் ஒரு காரியம் செய்தேன். இருபது லிட்டர் காய்ச்சியிருந்தேன். சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மிதவை ஹைட்ரோமீட்டர்; அது இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டிய பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும். பரீட்சைக்கு முன் முடித்துவிடும் அவசரம், ஒரு தடவை பார்த்ததோடு விட்டேன். பாட்டிலில் நுரை வர லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, கணக்காகப் போட்டேன். அந்த அளவே 20 டிகிரியில் கிட்டத்தட்ட கார் டயர் அளவு அழுத்தம் கொடுக்கும்; ஈஸ்ட் தின்னாமல் மிச்சம் வைத்திருந்தது அதற்கு மேல். பாட்டிலும் பற்றவில்லை. அலங்காரக் கடையில் வாங்கிய சதுர பாட்டில் இரண்டு இருந்தன, அதே மாதிரி கம்பி மூடி. அவற்றிலும் ஊற்றினேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி அலமாரிக்குள் டமார் என்றது. கோட்டுக் கையில்கூடக் கண்ணாடிச் சில்லு. உருண்டை பாட்டில் அழுத்தத்தைச் சமமாகத் தாங்கும். சதுரத்தில் தட்டைச் சுவரும் மூலையும்தான் முதலில் போகும். கடையில் கேட்பவர்களுக்கெல்லாம் நானே சொன்னதுதான் இது.

முதலாளிக்கு போன் போட்டேன். திட்டவில்லை. "மிச்சம் எத்தனை?" என்றார். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, ஈரத்துண்டு. முதலில் இன்னொரு சதுர பாட்டில். துண்டுக்குள்ளேயே கம்பியை நெம்பினேன். மூடி எகிறி, பியர் கூரை வரை போனது. பிறகு முப்பத்தாறு உருண்டைகளையும் ஒவ்வொன்றாக ஒரு நொடி திறந்து, சீறியதும் மூடினேன். தகர மூடியில் இந்த வேலை நடக்காது, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். இரண்டு நாள் கழித்து இன்னொரு சுற்று.

கூரைக் கறைக்கு வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். பியர் நன்றாகவே இருந்தது.